மாலத்தீவில் டீச்சர் வேலை: ஹா தாலு அட்டோல் தீவுக்குப் போகுமுன் எதை முடிக்கணும், எதை நம்பக் கூடாது?

விருதை_கணக்கு:

வணக்கம். எம்.எஸ்ஸி., பி.எட். கணிதம், மெட்ரிக் பள்ளியில் 6 வருட அனுபவம். மாலத்தீவின் வடக்கே ஹா தாலு அட்டோலில் (அட்டோல்னா தீவுக்கூட்டம்) ஒரு தீவுப் பள்ளிக்கு 9, 10-ம் வகுப்புக் கணக்கு ஆசிரியையாக ஏஜென்ட் மூலம் ஆஃபர் லெட்டர் வந்திருக்கு. 2 வருட ஒப்பந்தம், சம்பளம் அந்த ஊர்ப் பணமான ரூஃபியாவில் மாதம் 14,000. வீட்டுக்காரரும் பையனும் இப்போதைக்கு ஊரிலேயே இருப்பாங்க.

கேட்க வேண்டியது நாலு. ஏஜென்ட் "முதல்ல டூரிஸ்ட் விசாவுல வந்துருங்க, அங்க வந்து மாத்திக்கலாம்"ங்கிறார், இது சரியா? மாதம் 25,000 ரூபாய் வீட்டுக்கடன் தவணை இருக்கு, அங்கிருந்து பணம் அனுப்புறதுல சிக்கல்னு சொல்றாங்களே, எவ்வளவு உண்மை? நான் சைவம், தீவுல சமாளிக்க முடியுமா? கடைசியா, பெட்டியில என்ன வைக்கணும், என்ன வைக்கவே கூடாது?

---

கடலோடி_சார்:

டூரிஸ்ட் விசா விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம் மேடம். வேண்டாம். இந்தியர்களுக்கு மாலத்தீவில் 90 நாள் வரை இலவச நுழைவு உண்டு, 2019-லிருந்து இருக்கிறது. சுற்றிப் பார்க்கவும் தொழில் பேச்சுக்கும் வருபவர்களுக்கான ஏற்பாடு அது. ஏஜென்ட்கள் பிடித்துக்கொள்வதும் அதைத்தான். அந்த விசாவில் இறங்கி வகுப்பு எடுத்தால் சட்டப்படி நீங்கள் அனுமதி இல்லாமல் வேலை பார்ப்பவர். சம்பளம் நின்றால் புகார் கொடுக்கக்கூடத் தயங்குவீர்கள்.

சரியான வரிசையில், வேலை கொடுப்பவர் அங்கே ஆன்லைனில் விண்ணப்பித்து உங்கள் பெயருக்கு வேலை அனுமதி ஒப்புதல் வாங்குவார். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட். அதில் பெயர், பாஸ்போர்ட் எண், பதவி, வேலை கொடுப்பவர் பெயர் நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பதவி என்ற இடத்தில் ஆசிரியர் என்று இல்லாமல் வேறு ஏதாவது இருந்தால் கிளம்பாதீர்கள். வெளிநாட்டு ஆட்களுக்கான ஒதுக்கீட்டில் வேறு பதவிக்கு இடம் மிச்சம் இருக்கிறது என்று அதில் உங்களைச் செருகியிருப்பார்கள்.

போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, காப்பீடு, வேலை விசா, பிறகு வேலை அனுமதி அட்டை. முதல் இரண்டு வாரத்துக்குள் இதை முடிக்கும்படி பள்ளி அலுவலகத்தை விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். பரிசோதனையில் ரத்தத்தோடு நெஞ்சு எக்ஸ்-ரேயும் உண்டு. எப்போதோ காசநோய் வந்து குணமான தழும்பு படத்தில் தெரிந்தாலும் கேள்வி வரும். அதனால் ஊரிலேயே ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. பழைய சிகிச்சை இருந்தால் அதை முடித்த சான்றிதழையும் கையில் வையுங்கள். டிக்கெட் போட்டு, வேலையை விட்டுவிட்டுப் போய் அங்கே தெரிந்துகொள்வதைவிட இது மலிவு.

இங்கே முடிக்க வேண்டியவற்றில் நேரம் பிடிப்பது பட்டச் சான்றிதழ்தான். பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சான்று, மாநில அரசின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம் என்று ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் போகும், நடுவில் ஒன்றைத் தாண்ட முடியாது. பி.எட். சான்றிதழையும் சேர்த்தே கொடுங்கள், பலர் முதுகலையை மட்டும் கொடுத்துவிட்டு இரண்டாவது முறை அலைகிறார்கள். காவல்துறை நற்சான்று பாஸ்போர்ட் சேவா மூலம், கட்டணம் 500 ரூபாய். அதைக் கடைசியில் வாங்குங்கள், பழைய தேதியிட்டது என்று திருப்பிவிடுவார்கள்.

ஏஜென்ட் பற்றி இரண்டு வரி. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்களை இந்திய அரசு பதிவு செய்யும் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பதிவு பெற்ற முகவர் ஒருவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 35,400. "இரண்டு மாதச் சம்பளம் கொடுங்கள்" என்று கேட்டால் அது சட்டத்தில் இல்லாத கணக்கு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

---

நெல்லை_என்ஆர்ஐ:

பணத்தைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா இந்த வேலை கட்டுபடியாகுமா ஆகாதாங்கிறதே அதுலதான் இருக்கு.

ரூஃபியாவோட அதிகாரபூர்வ மதிப்பு டாலருக்கு 15.42. அந்தக் கணக்குல 14,000 ரூஃபியா சுமார் 908 டாலர். ஏஜென்ட் உங்ககிட்ட ரூபாயில சொன்ன தொகை இதை வச்சுத்தான் வந்திருக்கும். ஆனா அங்க டாலர் தட்டுப்பாடு. போய் நின்னா அந்த விலைக்கு வேணுங்கிற அளவு டாலர் கிடைக்காது. வெளிச்சந்தையில 18-ஐத் தாண்டி ரொம்ப நாளாச்சு, 20 வரைக்கும் போயிருக்கு. 20-ன்னு வச்சுப் பாருங்க, அதே 14,000 வெறும் 700 டாலர். மாதம் 208 டாலர் காத்துல போகுது. டாலருக்கு 88 ரூபாய்னு போட்டா 18,000 ரூபாய்க்கு மேல.

சரி, வங்கி வழியா அதிகாரபூர்வ விலையிலேயே அனுப்பலாமேன்னு கேப்பீங்க. அனுப்பலாம், ஆனா மாத வரம்பு இருக்கு. தலைநகர் மாலேயில இருக்கிற நம்ம பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில நம்ம ஊர் ஊழியர்களுக்கு மாதம் 400 டாலர்னு இருந்தது, 2025 அக்டோபர்ல 150 டாலருக்கு இறங்கிடுச்சு. 150 டாலர் சுமார் 13,200 ரூபாய். உங்க தவணை 25,000. பாதிதான் தேறும். இந்த வரம்பு டாலர் கையிருப்பைப் பொறுத்து ஏறி இறங்குறது, அதனால கையெழுத்துப் போடுற வாரத்துல வரம்பு எவ்வளவுன்னு கேட்டுக்கணும். போன வருஷம் போனவர் சொன்னதை வச்சு முடிவெடுக்காதீங்க.

அதனால ஏஜென்ட்கிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி சம்பளத்துல ஒரு பகுதியாவது டாலர்ல வருமாங்கிறதுதான். சில தனியார் பள்ளிகள்ல பேசிப் பாக்கலாம். அரசுப் பள்ளின்னா ரூஃபியாதான். ரூஃபியாதான்னு முடிவானா, கிளம்பும்போது குறைஞ்சது 6 மாதத் தவணையை ஊர்க் கணக்குல போட்டுட்டுப் போங்க. இல்லேன்னா வீட்டுக்காரர் சம்பளத்துல தவணை ஓடணும். இரண்டுக்கும் வழியில்லேன்னா இந்த ஆஃபரை எடுக்காதீங்கன்னுதான் சொல்வேன்.

இன்னொன்னு கட்டாயம் சொல்லணும். "நீங்க இங்க ரூஃபியா குடுங்க, ஊர்ல உங்க வீட்டு அக்கவுண்டுக்கு ரூபாய் வந்துரும்"னு யாராவது சொல்வாங்க. அது ஹவாலா. தப்புங்கிறதோட நிக்காது. ஊர்ல உங்க கணக்குக்கு யாரோ முகம் தெரியாத ஆள் கணக்குலேர்ந்து பணம் விழும். அந்த ஆள் கணக்கு ஏதாவது ஆன்லைன் மோசடியில சிக்கியிருந்தா, சைபர் கிரைம் போலீஸ் பணம் போன தடத்தைப் பிடிச்சு உங்க கணக்கையும் முடக்கிடுவாங்க. முடக்கினது வேற மாநிலத்துப் போலீஸா இருந்தா அதை விடுவிக்க அலையுற அலைச்சல் தனி.

சட்டப்படி மிச்சம் இருக்கிற வழி, சேர்ந்த டாலரை விடுமுறைக்கு வரும்போது கையில கொண்டுவர்றது. இந்தியாவுல இறங்கும்போது நோட்டு மட்டும் 5,000 டாலருக்கு மேல இருந்தாலோ, நோட்டு, டிராவலர்ஸ் செக் எல்லாம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலோ சுங்கத்துல படிவம் குடுத்து அறிவிக்கணும். டாலர் வாங்கினா ரசீது தர்ற இடத்துல வாங்குங்க.

ஊர் வங்கியில ரெண்டு வேலை. வேலைக்காக வெளிநாடு போனதும் இப்ப இருக்கிற சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டுல இருக்கிறவங்களோட உள்ளூர் வரவு செலவுக்கான கணக்கு) ஆக மாத்தச் சொல்லணும், கடன் தவணை அதுலேர்ந்தே தொடர்ந்து பிடிக்கலாம். அங்கேர்ந்து வர்ற சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு ஒண்ணு திறங்க, அதோட வட்டிக்கு இங்க வரி கிடையாது.

தேதியும் பாருங்க. வேலைக்குன்னு கிளம்புற வருஷத்துல ஏப்ரல் 1-லேர்ந்து இந்தியாவுல 182 நாளுக்குக் குறைவா இருந்தாத்தான் அந்த நிதியாண்டுக்கு வரிக் கணக்குல நீங்க வெளிநாடு வாழ் இந்தியர். செப்டம்பர் 28-ல ஏறினா 181 நாள், தப்பிச்சீங்க. அக்டோபர்ல ஏறினா மாலத்தீவுச் சம்பளமும் அந்த வருஷம் இங்க கணக்குல வரும். நடுவுல பொங்கலுக்கு வந்து இருக்கிற நாளும் இதுல கூடும், அதனால கடைசி நாள் வரைக்கும் இழுக்காதீங்க. மாலத்தீவுல சம்பள வரி மாதம் 60,000 ரூஃபியாவுக்கு மேலதான், உங்களுக்கு வராது. 2016-ல வெளிநாட்டுக்காரங்க அனுப்புற பணத்துக்கு 3 சதவீத வரி போட்டாங்க, அது 2020-லேயே எடுத்தாச்சு. இன்னும் யாராவது அந்த 3 சதவீதத்தைக் கேட்டா குடுக்காதீங்க.

---

தீவு_சமையல்:

சைவம் கேட்டீர்களே. சமைத்துச் சாப்பிட்டால் முடியும், வெளியே சாப்பிடுவதென்றால் திண்டாட்டம்தான். அந்த ஊரில் சாப்பாடு என்றாலே மீன். நாம் மாசி என்று சொல்லும் கருவாடு அவர்களுடையதுதான். காலையில் ரொட்டியோடு மஸ்ஹுனி என்று சூரை மீனும் தேங்காயும் பிசைந்து வைப்பார்கள். மாலையில் கடையில் ஹெதிகா என்று அடுக்கியிருக்கும் பலகாரம் பார்க்க நம் சமோசா, போண்டா மாதிரியே இருக்கும். நம்பி எடுக்காதீர்கள், பெரும்பாலும் உள்ளே மீன்தான். "மஸ் நுலா" என்று கேட்டால் மீன் போடாதது என்று பொருள். கறுப்புத் தேநீருக்குக் களு ஸை, பால் தேநீருக்குக் கிரு ஸை.

அரிசி, மைதா, சர்க்கரை மூன்றுக்கும் அரசு மானியம் உண்டு, அவை பிரச்சினை இல்லை. தேங்காய் தாராளம். வெங்காயம், உருளைக்கிழங்கு எப்போதும் இருக்கும். பச்சைக் காய்கறிதான் மாலேயிலிருந்து சரக்குத் தோணி வரும் நாளைப் பொறுத்தது. தோணி கட்டிய அன்று மாலை கடைக்குப் போனால் தக்காளி, கத்தரி, முட்டைக்கோஸ் கிடைக்கும். இரண்டு நாள் கழித்துப் போனால் வாடியதுதான் மிச்சம், விலை மட்டும் வாடாது. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் பொங்கினால் தோணியே தள்ளிப்போகும். அதற்கென்று பத்து நாளுக்கான பயறு, சுண்டல், உலர்ந்த சோயா கையில் இருக்கட்டும். முளைகட்டிய பயறு அந்த நாட்களில் கைகொடுக்கும்.

மைசூர்ப் பருப்பு எந்தத் தீவுக் கடையிலும் இருக்கும். துவரம்பருப்பு 3 கிலோ, உளுந்து 2 கிலோ, புளி, பெருங்காயம், சாம்பார்ப் பொடி கொண்டுபோங்கள். பொடிகளைக் கால் கிலோ பொட்டலமாக ஒட்டி வாங்குங்கள். ஒரே பெரிய டப்பாவில் போட்டால் உப்புக் காற்றில் ஒரு மாதத்தில் கட்டிதட்டிவிடும். 3 லிட்டர் குக்கர் ஒன்று, கூடவே அதற்கான ரப்பர் வளையம் 2, வெயிட் 1, சேஃப்டி வால்வு 2. உங்கள் கம்பெனி குக்கருக்குத் தீவில் வளையம் கிடைக்காது, வளையம் போனால் குக்கர் வெறும் பாத்திரம்.

தண்ணீர்: குடிக்கவும் சமைக்கவும் தொட்டியில் பிடித்த மழைநீர், இல்லாவிட்டால் பாட்டில். குளிக்கும் தண்ணீர் கிணற்று நீர் என்றால் உப்பு தட்டும், முடி கொட்டும். பல தீவுகளில் இப்போது கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள். உங்கள் தீவில் எது என்று பள்ளியில் கேட்டுவிடுங்கள். அப்படியே அறை வாடகையில் மின்சாரம் சேர்த்தியா என்பதையும் கேளுங்கள். தீவுகளில் மின்சாரம் பெனகா நிறுவனத்தினுடையது, யூனிட் கூடக்கூடக் கட்டண அடுக்கும் ஏறும். இரவெல்லாம் ஏ.சி. ஓட்டுகிற அறைத்தோழி வாய்த்தால் பாதி பில் உங்களுக்கும் வரும். பிளக் பெரும்பாலும் சதுரக் கால் மூன்று உள்ள பிரிட்டிஷ் வகை, அடாப்டர் 2 வாங்கிக்கொள்ளுங்கள்.

---

விருதை_கணக்கு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நெல்லை சார் கணக்கைப் பார்த்து வீட்டுக்காரர் கொஞ்சம் ஆடிப்போயிட்டார். தவணையை 8 மாதத்துக்கு முன்கூட்டியே ஒதுக்க முடியும்னு சொல்றார். பயணம், பெட்டி, பள்ளி பத்தியும் யாராவது சொல்ல முடியுமா? நான் ஸ்டேட் போர்டு தவிர வேற எடுத்ததில்ல.

---

சாக்பீஸ்:

அக்கா, முதலில் பெட்டி. கொண்டுபோகக் கூடாதது: மது, பன்றி இறைச்சி சேர்ந்த எதுவும், வழிபாட்டுச் சிலை. மூன்றும் மாலத்தீவுச் சுங்கத்தில் தடை. பூஜைக்கென்று சின்னப் பிள்ளையார் வைப்பது நம் வழக்கம், சிலை படம் இரண்டையுமே வீட்டில் விட்டுவிடுங்கள். மின்சிகரெட்டுக்கு 2024 முதல் முழுத் தடை, யாருக்காவது கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். கோடீன், டிரமடால் மாதிரி வலி, இருமல் மருந்துகள் கட்டுப்பாட்டில் உள்ளவை. மற்ற மாத்திரைகளும் அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு இருக்கட்டும். டப்பாவில் கொட்டிக் கொண்டுபோக வேண்டாம்.

விமானம் ஏறுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் மாலத்தீவுக் குடிவரவுத் துறையின் இமுகா தளத்தில் பயண அறிவிப்பு நிரப்பணும். இலவசம். பணம் கேட்கிற தளம் வந்தால் அது போலி, மூடிவிடுங்கள். திரும்பி வரும்போதும் இதே படிவம் உண்டு, அதைத்தான் பலர் மறந்துவிட்டுக் கவுன்டரில் நின்று போனைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

மாலே விமான நிலையம் ஹுலுலே என்ற தனித் தீவு. 2018-ல் திறந்த பாலம் வழியாக மாலேக்கும் ஹுலுமாலேக்கும் சாலையிலேயே போகலாம். ஹா தாலுவுக்கு உள்நாட்டு விமானம் ஹனிமாதூ அல்லது குளுதுஃபுஷியில் இறங்கும், அங்கிருந்து உங்கள் தீவுக்குப் படகு. பள்ளி எந்த நிலையத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறது, அங்கிருந்து படகு எத்தனை மணிக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெள்ளிக்கிழமை போய்ச் சேரும்படி டிக்கெட் போட விடாதீர்கள். அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளியன்று பொதுப் படகு பெரும்பாலும் கிடையாது, அலுவலகத்தில் போன் எடுக்கவும் ஆள் இருக்காது. உள்நாட்டு விமானத்தில் அனுமதிக்கும் எடை சர்வதேச டிக்கெட்டைவிடக் குறைவாக இருக்கும். மேலே சொன்ன பருப்பு, குக்கர் எல்லாம் கட்டுமுன் இரண்டு டிக்கெட்டிலும் எது குறைவோ அந்த எடைக்குக் கட்டுங்கள்.

வேகப் படகில் பின்பக்கம் உட்காருங்கள், முன்பக்கம் அலையில் தூக்கிப் போடும். சான்றிதழ்க் கோப்பை ஒட்டுப்பையில் போட்டு முதுகுப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிகள் நனையும். தீவு போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கோப்புக்குள் ஈரம் உறிஞ்சும் ஜெல் பொட்டலம் இருக்கணும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

பள்ளியில் அந்த நாட்டு மொழியான திவேஹியும் இஸ்லாமும் தவிர மற்றவை ஆங்கில வழி. 10-ம் வகுப்பு முடிவில் கேம்பிரிட்ஜ் தேர்வு. கணிதத்துக்கு 0580 பாடத்திட்டம் என்றால் 2025 முதல் அமைப்பே மாறியிருக்கிறது. எக்ஸ்டெண்டட் (உயர்நிலை) மாணவர்களுக்குத் தாள் 2 கால்குலேட்டர் இல்லாமல், தாள் 4 கால்குலேட்டரோடு. கோர் (அடிப்படை நிலை) மாணவர்களுக்கு அதேபோல் 1-ம் 3-ம். அதற்கு முந்தைய பழைய வினாத்தாளை அப்படியே கொடுத்துப் பயிற்சி செய்தால் தாள் 2-க்குப் பிள்ளைகள் தயாராக மாட்டார்கள். பின்னம், சர்டு, வர்க்கமூலத் தோராயம் கையால் போட வைக்கணும். இதில் ஸ்டேட் போர்டு ஆசிரியருக்குத்தான் வசதி.

சிக்கல் திருத்துவதில் வரும். அங்கே முறைக்கு எம் மதிப்பெண், விடைத் துல்லியத்துக்கு ஏ மதிப்பெண், தனித்து நிற்கும் படிக்கு பி மதிப்பெண். விடை தப்பானாலும் முறை சரியென்றால் எம் கொடுத்தே ஆகணும். விடை மட்டும் சரியாக எழுதினால் பல கேள்விகளில் முழு மதிப்பெண் உண்டு, "வழிமுறையைக் காட்டு" என்று கேட்ட கேள்வியில் கிடையாது. தேற்றம் எழுதவில்லை என்று நம் ஊர் பழக்கத்தில் வெட்டினால் துறைத் தலைவர், அங்கே லீடிங் டீச்சர் என்பார்கள், நோட்டைத் திருப்பி அனுப்புவார். கிளம்புமுன் மார்க் ஸ்கீமோடு ஐந்து தாளாவது திருத்திப் பழகுங்கள்.

---

கடலோடி_சார்:

ஒப்பந்தம் பற்றி விட்டுப்போனது. அங்கே 2008-ம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி தகுதிகாண் காலம் 3 மாதத்துக்கு மேல் போகக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் உச்சம், ஓராண்டு முடித்தால் 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு. உங்கள் ஒப்பந்தத்தில் 6 மாதத் தகுதிகாண் காலம் என்று இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். விமான டிக்கெட் யார் செலவு, ஆண்டுக்கு ஒருமுறையா ஒப்பந்தம் முடியும்போதா, நடுவில் நீங்களே விலகினால் எதைத் திருப்பிக் கட்டணும், இந்த மூன்றும் எண்ணால் எழுதியிருக்கணும். "நடைமுறைப்படி" என்று எழுதியிருந்தால் அது எழுதாததுக்குச் சமம். பாஸ்போர்ட்டைப் பதிவுக்குக் கொடுத்தால் எப்போது திரும்பும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். போனதும் மாலேயிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பெயர் பதியுங்கள். சம்பளத் தகராறு வந்தால் அங்குள்ள தொழிலாளர் உறவு ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், அதற்கு ஆதாரமாக நிற்பது வங்கியில் சம்பளம் விழுந்த பதிவுதான். ரொக்கமாகத் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தீவில் சுகாதார நிலையம் இருக்கும், பெரிய சிகிச்சைக்கு உங்கள் அட்டோலில் குளுதுஃபுஷி மண்டல மருத்துவமனை, அதற்கும் மேலென்றால் மாலேயில் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை. காப்பீட்டு அட்டையில் தீவுக்குத் தீவு போகும் படகுச் செலவு சேருமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மருத்துவத்தைவிட அதுதான் கையைக் கடிக்கும்.

---

தீவு_சமையல்:

ரமலானை யாரும் சொல்லவில்லையே. அந்த மாதம் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் கூடாது, பள்ளி ஓய்வறையிலும் கேட்டுக்கொண்டுதான். டீக்கடைகள் பகலில் மூடியிருக்கும், பள்ளி நேரமும் மாறும். காலையில் ஐந்தரைக்கே சமைத்து, பூட்டிய அறையில் மதியம் சாப்பிட்டுக்கொள்கிற மாதிரி பள்ளிக்குப் பக்கத்தில் தங்கும் இடம் பாருங்கள். உடையில் தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும், சல்வார் எடுபடும். புடவை பள்ளியில் அனுமதி என்றாலும் படகில் ஏறி இறங்க ஆகாது. காட்டனைவிட சீக்கிரம் காய்கிற துணியாக எடுங்கள், அறைக்குள் உலர்த்தினால் காட்டன் மறுநாளும் ஈரமாகவே இருக்கும்.